முன்பின் தெரியாதவரிடம் பழைய கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளம்பரத்தில் விலை நன்றாக இருக்கிறது, படத்தில் கலர் விளக்குகள் ஜொலிக்கின்றன, விற்பவர் யாரென்றே தெரியாது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். பழைய கம்ப்யூட்டரின் கோளாறுகள் பெரும்பாலும் இரண்டு சமயத்தில்தான் வெளியே வரும். முழுக்க ஆறிக் கிடந்ததை ஆன் செய்யும்போது, அல்லது நன்றாகச் சூடேறும்வரை ஓட்டும்போது. நடுவில் பத்து நிமிடம் பார்த்தால் எல்லாமே நல்ல கம்ப்யூட்டர்தான். கீழே உள்ளவை டெஸ்க்டாப்புக்கானவை. லேப்டாப் தனிக் கதை.

நேரில் போவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயர். "ஐ7, 16 ஜிபி, ஆர்டிஎக்ஸ் கார்டு" என்பது விவரமே இல்லை. கோர் ஐ7 என்ற பெயரில் 2008-லிருந்து பிராசஸர்கள் வந்துகொண்டிருக்கின்றன. கிராஃபிக்ஸ் கார்டில் இன்னும் மோசம்: ஜிடிஎக்ஸ் 1060-இல் 6 ஜிபி கார்டுக்கு 1280 கூடா கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 3 ஜிபி கார்டுக்கு 1152. நினைவகம் மட்டும் குறைவு என்று நினைத்து வாங்கினால் சிப்பும் குறைவாக இருக்கும். ஆர்டிஎக்ஸ் 3050-இலும் இதே வேலைதான்: 8 ஜிபியில் 2560, 6 ஜிபியில் 2304.

பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி, கேபினட் பக்கத்தில் வைத்து ஒரு படம் கேளுங்கள். எங்கிருந்தோ எடுத்த படத்தைப் போட்டிருப்பவர் இங்கேயே காணாமல் போய்விடுவார். நீங்கள் வரும்வரை கம்ப்யூட்டரை ஆன் செய்ய வேண்டாம் என்றும், குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பேன் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அட்வான்ஸ் மட்டும் கூடாது. "வேறு ஒருவர் கேட்கிறார், கொஞ்சம் பணம் போட்டால் நிறுத்தி வைக்கிறேன்" என்றால் அந்த வேறு ஒருவரே வாங்கிக்கொள்ளட்டும்.

கையில் என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

ஒரு பென்டிரைவ், ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், டார்ச், ஹெட்போன். பென்டிரைவில் சிபியு-இசட், ஜிபியு-இசட், எச்டபிள்யூஇன்ஃபோ, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, ஓசிசிடி, ஃபர்மார்க், சினிபெஞ்ச் ஆகிய சோதனை மென்பொருள்களை அவரவர் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி வையுங்கள். இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் போர்ட்டபிள் பதிப்பு கிடைத்தால் அதுவே வசதி. இன்னொரு பென்டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் இருந்தால் நல்லது.

விற்பவரின் கம்ப்யூட்டரிலேயே இவை இருந்தாலும் உங்கள் பிரதியை ஓட்டுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் தெரியும் பிராசஸர் பெயர் ரெஜிஸ்ட்ரியில் உள்ள ஒரு வரி, அவ்வளவுதான். அதை மாற்றி எழுத ஒரு நிமிடம் போதும்.

போனதும் முதலில் எதைப் பார்ப்பது?

கேபினட்டின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். பழைய வண்டி வாங்கும்போது இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பது போலத்தான். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். விற்பவர் ஆர்வத்தில் செய்திருக்கலாம். ஆறிய நிலையில் ஸ்டார்ட் ஆகாததை மறைக்கவும் செய்திருக்கலாம். ஆஃப் செய்து, பேசிக்கொண்டே அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

அப்புறம் பக்கக் கதவைக் கழற்றுங்கள். தூசியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது துடைத்தால் போய்விடும். பயப்பட வேண்டியவை வேறு: கனெக்டர்களைச் சுற்றிப் பழுப்பு நிறம், தலை உப்பிய கெபாசிட்டர், பின்பக்கத் துளைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்த அரிப்பு, மொண்ணையான ஸ்க்ரூ தலைகள். கார்டின் பின்பக்க ஸ்க்ரூக்கள் நாலில் இரண்டு மொண்ணையாக இருந்தால், அந்தக் கார்டு ஏற்கெனவே ஒருமுறையாவது பிரிக்கப்பட்டிருக்கிறது. சிப்பின் மேல் தடவும் வெப்பக் களிம்பான பேஸ்டை மாற்றப் பிரித்தார்களா, ரிப்பேருக்கா என்று கேளுங்கள்.

ஆர்டிஎக்ஸ் 40 வரிசையின் பெரிய கார்டு என்றால் 16 பின் பவர் கேபிளைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4090 வெளிவந்த 2022-லேயே இந்தக் கனெக்டர்கள் உருகிய சம்பவங்கள் வெளியே வந்தன. பிளாஸ்டிக் துளையின் விளிம்பு உருக்குலைந்திருந்தாலோ ஒரு பின் மட்டும் கறுத்திருந்தாலோ அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

தண்ணீர்க் குளிர்விப்பான் இருந்தால் வயதைக் கேளுங்கள். ஐந்தாறு வருடம் ஆனதென்றால் புதிதுக்கான செலவை இப்போதே விலையில் கழித்துவிடுவது நல்லது.

ஆன் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நீங்களே பட்டனை அழுத்துங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கிராஃபிக்ஸ் கார்டில் சொருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மதர்போர்டில் சொருகியிருந்தால் கார்டு செத்திருந்தாலும் படம் வரலாம்.

ஆன் ஆகி, அணைந்து, மறுபடி ஆன் ஆனால் ஒரு தடவை மன்னிக்கலாம். மின்சாரத்திலிருந்து முழுக்கக் கழற்றி வைத்திருந்தால் சில மதர்போர்டுகள் அப்படிச் செய்யும். டிடிஆர்5 ராம் உள்ள ரைசன் கம்ப்யூட்டர்களில் முதல் தடவை ஒரு நிமிடத்துக்கு மேலும் திரை கறுப்பாகவே இருக்கலாம். ராமைப் பழகிக்கொள்ளும் நேரம் அது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் என்றால் சரியில்லை.

விண்டோஸுக்குப் போகும் முன், மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் நுழையுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் விற்பவரையே நீக்கச் சொல்லுங்கள். நேரம் தப்பாகக் காட்டினால் உள்ளே இருக்கும் காசு பேட்டரி தீர்ந்திருக்கும், அது பெரிய விஷயமில்லை.

கிராஃபிக்ஸ் கார்டு போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜிபியு-இசட்டைத் திறந்தாலே பாதி தெரிந்துவிடும். தனக்குத் தெரிந்த என்விடியா போலிகளைக் கண்டால், அது பெயருக்கு முன்னாலேயே போலி என்று எழுதிக் காட்டும். வழக்கமான மோசடி இதுதான்: ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற அரதப் பழைய சிப்புகளில் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் சூட்டி விற்பது. விண்டோஸும் அதை அப்படியே நம்பும். பின்பக்கம் பாருங்கள். 10 வரிசைச் சிப்பில் அனலாக் வெளியீட்டையே என்விடியா எடுத்துவிட்டது. ஆகவே 1050 டிஐ என்று சொல்லப்படும் கார்டில் நீல நிற விஜிஏ துளை இருந்தால் கை வைக்காதீர்கள். நினைவகப் பாதையின் அகலத்தையும் பாருங்கள்: அசல் 1050 டிஐ 128 பிட், 550 டிஐ 192 பிட்.

ஏமாற்று இல்லாமலே குழப்பும் கார்டுகளும் உண்டு. ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்பது ஏஎம்டி விற்ற கார்டுதான். ஆனால் வழக்கமான 580-இல் 2304 ஷேடர்கள் (ஏஎம்டியில் கூடா கோர் போன்றவை), இதில் 2048. அதாவது பெயரில் 580, உள்ளே 570. விளம்பரத்தில் அந்த வால் பெயரை யாரும் எழுதுவதில்லை.

இன்னொன்று: ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் கட்டத்தில் 1.1 என்று காட்டினால் பதறாதீர்கள். சும்மா இருக்கும்போது கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டால் 3.0 அல்லது 4.0-க்கு ஏற வேண்டும். எக்ஸ்16 (16 தரவுப் பாதைகள்) வர வேண்டிய கார்டு சுமையிலும் எக்ஸ்4-லேயே நின்றால் ஸ்லாட்டிலோ கார்டின் விளிம்பிலோ கோளாறு இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600 போன்றவை பிறப்பிலேயே எக்ஸ்8.

சூடேற்றிப் பார்ப்பது எப்படி? எவ்வளவு நேரம்?

இதுதான் முக்கியமான சோதனை. மற்றதெல்லாம் அவசரத்தில் விட்டுப்போனாலும் இதை விடாதீர்கள்.

எச்டபிள்யூஇன்ஃபோவை சென்சார் மட்டும் காட்டும்படி திறந்து ஓரமாக வையுங்கள். ஃபர்மார்க்கை மானிட்டரின் முழு ரெசல்யூஷனில் கால் மணி நேரம் ஓட்டுங்கள். வெப்பநிலை மளமளவென்று ஏறி, சில நிமிடங்களில் ஓரிடத்தில் நிலைத்துவிட வேண்டும். 65-லிருந்து 80-களின் தொடக்கம்வரை எங்கே நின்றாலும் சரி. ஏறிக்கொண்டே போனால் சரியில்லை.

அந்த எண்ணைவிட முக்கியமானது அதற்குக் கீழே இருக்கும் ஹாட் ஸ்பாட், அதாவது சிப்பின் மிகச் சூடான இடம். சிப்பின் வெப்பத்துக்கும் இதற்கும் 10 முதல் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 30-ஐத் தாண்டினால் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. சிப் 72, ஹாட் ஸ்பாட் 106 என்று காட்டும் கார்டை விற்பவர் "72 டிகிரிதான் பாருங்கள், ஜில்லென்று இருக்கிறது" என்று பெருமையாகக் காட்டுவார். ஹாட் ஸ்பாட் வரியைக் காட்டி விலை பேசுங்கள். ஆர்டிஎக்ஸ் 3080, 3090 போன்ற ஜிடிடிஆர்6எக்ஸ் கார்டுகளில் மெமரி ஜங்ஷன் (நினைவகத்தின் வெப்பம்) என்று இன்னொரு வரி வரும். 110-ஐத் தொட்டால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கிவிடும். 90-களில் நின்றால் போதும்.

கண்ணை எண்களிலேயே வைக்காமல் திரையையும் பாருங்கள். சிவப்பு, பச்சைப் புள்ளிகள் மினுக்குவது, கட்டம் கட்டமாக நிறம் தெறிப்பது, ஒரு மூலையிலிருந்து முக்கோணங்கள் நீண்டு கிளம்புவது எல்லாம் நினைவகமோ சிப்போ போய்க்கொண்டிருப்பதன் அடையாளம். "டிரைவர் அப்டேட் பண்ணினால் சரியாகிவிடும்" என்பார்கள். ஆகாது. இங்கே விலை பேசுவதில்கூட அர்த்தமில்லை.

ஃபர்மார்க் ஒரே சீரான சுமை. விளையாட்டில் அப்படி இருக்காது. காட்சிக்குக் காட்சி மின்சாரம் எகிறிக் குதிக்கும். அதனால் அடுத்து ஒரு விளையாட்டையோ யூனிஜின் சூப்பர்பொசிஷன் போன்ற பெஞ்ச்மார்க்கையோ ஓட்டுங்கள். சீரான சுமையில் தாக்குப்பிடித்த கார்டு இந்தக் குதியலில் விழுவதுண்டு. ஹெட்போனை மாட்டி ஆடியோ துளையையும் இதே நேரத்தில் சோதித்துக்கொள்ளலாம்.

பிராசஸருக்கு சினிபெஞ்ச் பத்து நிமிடம். ரைசன் 7000 வரிசையின் மேல்மட்ட பிராசஸர்கள் 95 டிகிரிவரை போவது வடிவமைப்பிலேயே உள்ளது. கடைசியாக ஓசிசிடியில் பவர் சோதனையைப் போட்டு பிராசஸரையும் கார்டையும் சேர்த்து ஓட்டுங்கள். படக்கென்று கரண்ட் போனது போல அணைந்தால் முதல் சந்தேகம் பவர் சப்ளை மேல்தான்.

பவர் சப்ளையைத் தனியாகச் சோதிக்க முடியாதா?

கருவி இல்லாமல் முடியாது. ஆனால் லேபிளைப் படிக்கலாம், பலரும் அதைச் செய்வதில்லை. 12 வோல்ட் என்ற பத்தியில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 54 ஆம்பியர் என்றால் 648 வாட். மேலே 650 என்று எழுதியிருந்தால் நேர்மையான சரக்கு. மேலே பெரிய எழுத்தில் 600 வாட், கீழே 12 வோல்டில் 30 ஆம்பியர் என்றால் கார்டுக்கும் பிராசஸருக்கும் கிடைப்பது 360 வாட்தான்.

80 பிளஸ் முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதற்கான அளவு. உள்ளே இருக்கும் சரக்கின் தரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. பெயர் தெரியாத கம்பெனியாக இருந்தால் புது பவர் சப்ளை வாங்கும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். செட் விற்பவர்கள் காசு மிச்சம் பிடிக்கும் இடமும் இதுதான். கார்டுக்குப் போகும் மின்சாரம் டிஸ்க்குக்கான சாட்டா கேபிளிலிருந்து ஒரு அடாப்டர் வழியாக வருகிறதென்றால் அதை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.

மைனிங்கில் ஓடிய கார்டை வாங்கலாமா?

வாங்கலாம் என்றுதான் சொல்வேன், விலை அதற்கேற்றபடி இருந்தால். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் மைனிங்கை 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி கைவிட்டது. அதற்குப் பிறகு அப்படி ஓடிய கார்டுகள் சந்தையில் கொட்டின. பகலிரவாக ஓடினாலும் பெரும்பாலும் குறைந்த மின்சாரத்தில், ஒரே வெப்பத்தில் ஓடியவை. தேய்வது ஃபேன்களும் நினைவகத்தின் மேலுள்ள தெர்மல் பேடுகளும். ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள், மெமரி வெப்பத்தைப் பாருங்கள்.

ஆர்எக்ஸ் 570, 580 கார்டுகளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மைனிங் வேகத்துக்காக அவற்றின் பயாஸை மாற்றி எழுதுவது சர்வசாதாரணம். மாற்றிய பயாஸை ஏஎம்டியின் டிரைவர் ஏற்காமல் முரண்டு பிடிக்கும். முடிந்தால் விற்பவர் முன்னாலேயே டிரைவரைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸரைத் தவிர்க்க வேண்டுமா?

எல்லாவற்றையும் இல்லை. இந்தத் தலைமுறைகளின் டெஸ்க்டாப் சிப்புகளில், குறிப்பாக 13900கே, 14900கே போன்ற மேல்மட்டத்தில், அளவுக்கு மீறிய வோல்டேஜால் சிப் மெல்ல மெல்லப் பழுதாகும் பிரச்சினை இருந்தது. இன்டெல் 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோடு (சிப்பை இயக்கும் உள் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. பயாஸ் அப்டேட் வழியாக வரும் அவை மேற்கொண்டு கெடாமல் தடுக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது.

ஆக, பழைய பயாஸுடனேயே இன்றுவரை ஓடிய 14900கே என்றால் யோசியுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோவில் மைக்ரோகோடு எண் தெரியும். இந்தக் கோளாறு விளையாட்டு தொடங்கி, ஷேடர்கள் என்ற படம் வரையும் சிறு நிரல்களைத் தொகுக்கும்போது முகம் காட்டும். கார்டில் நினைவகம் நிறைய இருக்கும்போதே "வீடியோ மெமரி போதவில்லை" என்று பிழைச் செய்தி வந்து விளையாட்டு மூடிக்கொள்ளும். பழி கார்டு மேல் விழும், குற்றவாளி பிராசஸர். பெட்டியில் விற்கப்பட்ட பாதிப்புக்குள்ளான சிப்புகளுக்கு இன்டெல் வாரன்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. பில் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ராமில் என்ன பார்ப்பது?

சிபியு-இசட்டில் மெமரி பக்கம். டிடிஆர்4 3200 ராமுக்கு அங்கே 1600 என்றுதான் வரும். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் அது சரியே. 1066 அல்லது 1200 என்று இருந்தால் பயாஸில் ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். போட்டுவிட்டுச் சோதியுங்கள். ஒரே ஒரு ராம் துண்டு இருந்தால் விளையாட்டு வேகம் குறையும். விலை பேச உதவும்.

மெம்டெஸ்ட்டை முழுதாக ஓட்ட மணிக்கணக்கில் ஆகும். அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு சுற்று ஓட்டினால் போதும். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான்.

எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க்?

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. ஹார்ட் டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதிகளைக் காட்டும் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் கடைசிப் பத்தி பூஜ்யமாக இருக்க வேண்டும். எஸ்எஸ்டியில் மிச்சமுள்ள ஆரோக்கிய சதவீதமும் மொத்தம் எழுதிய அளவும் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க, சாம்சங் 970 ஈவோ 1 டிபிக்கு நிறுவனம் தந்த உத்தரவாத அளவு 600 டிபி. டிஸ்க் கெட்டிருந்தாலும் பேரத்தை முறிக்க வேண்டியதில்லை. செட்டிலேயே சுலபமாக மாற்றக்கூடியது அதுதான்.

விற்பவர் சொல்வது உண்மையா என்று கம்ப்யூட்டரையே கேட்க முடியுமா?

ஓரளவு முடியும். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தேடினால் ஒரு நாட்காட்டி வரைபடம் வரும். எந்தெந்த நாளில் எது செயலிழந்தது, எப்போது திடீரென்று அணைந்தது எல்லாம் சிவப்புக் குறியோடு வரிசையாக இருக்கும். "ஒரு நாளும் ஹேங் ஆனதில்லை" என்பவரின் வரைபடத்தில் வாரம் முழுக்கச் சிவப்பு இருந்தால் நீங்கள் ஒன்றும் பேச வேண்டியதில்லை, திரையை அவர் பக்கம் திருப்பினால் போதும். ஈவன்ட் வியூவரில் வீயா-லாகர் என்று பிழைகள் குவிந்திருந்தால் அது ஹார்டுவேர் புகார்.

விண்டோஸை நேற்றுதான் புதிதாகப் போட்டிருந்தால் இந்த வரலாறு இருக்காது. அதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். விற்பதற்கு முன் தன் ஃபைல்களை அழிப்பது நியாயமான பழக்கம்தான்.

விண்டோஸ் அசலா?

பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம், எப்படியும் நீங்கள் அழித்துவிட்டுப் புதிதாகப் போடப்போகிறீர்கள். பார்க்க வேண்டியது, அந்தக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்பதை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ, ரைசன் என்றால் 2000 வரிசையோ அதற்குப் பிந்தையதோ இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை.

சோதிக்க விடமாட்டேன் என்றால்?

எதை விடமாட்டேன் என்கிறார் என்று பாருங்கள். பிராசஸர் மேலுள்ள கூலரைக் கழற்றவோ கார்டைப் பிரிக்கவோ வேண்டாம் என்றால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. யாரோ ஒருவரின் பென்டிரைவைச் சொருகத் தயங்கினாலும் தப்பில்லை. "நீங்களே அந்தத் தளத்தில் இறக்குங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். ஆனால் சுமை கொடுத்து ஓட்டவே கூடாது, யூடியூப் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கேமிங்குக்கென்று விற்கும் கம்ப்யூட்டரைக் கேம் ஓட்டிப் பார்க்கக் கூடாதென்றால் காரணம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

திருட்டுப் பொருளாக இருந்துவிட்டால்?

பில்லும் பெட்டியும் கேளுங்கள். கார்டின் ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணும் பெட்டியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டிக்கர் கிழிக்கப்பட்டிருந்தால் வாரன்டியும் போச்சு, நம்பிக்கையும் போச்சு. பில் இல்லாமலும் நல்லவர்கள் விற்பதுண்டு. அப்போது சீரியல் எண்களோடு, கையெழுத்துப் போட்ட ஒரு ரசீதாவது வாங்கிவிடுங்கள். வாரன்டி இரண்டாவது ஆளுக்குச் செல்லுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விலை பேசும் முன் கம்பெனியின் தளத்தில் பார்த்துவிடுவது நல்லது.

எங்கே சந்திப்பது?

விற்பவரின் வீடே வசதி. மின்சாரம், மானிட்டர் எல்லாம் இருக்கும், நாளைக்கு அவர் எங்கே இருப்பார் என்றும் தெரியும். பகலில், துணைக்கு ஒருவரோடு போங்கள். பணத்தைச் சோதனை முழுக்க முடிந்த பிறகு கொடுங்கள். பார்க்கிங்கில் நின்று கைமாற்றலாம் என்பவரிடம் கம்ப்யூட்டரை எங்கே சொருகுவது என்று கேளுங்கள்.

வாங்கியாயிற்று. எப்படிக் கொண்டுபோவது?

கனமான கார்டாக இருந்தால் கழற்றித் தனியாகச் சுற்றி எடுத்துப் போங்கள். குலுக்கலில் ஸ்லாட்டையே பெயர்த்துவிடும். முடியாவிட்டால் மதர்போர்டு கீழே படுத்திருக்கும்படி, கண்ணாடிப் பக்கம் மேலே வரும்படி கேபினட்டைச் சாய்த்து வையுங்கள். பவர் சப்ளையோடு வந்த மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள்கள் மிச்சம் இருந்தால் கேட்டு வாங்கிவிடுங்கள். வேறு கம்பெனிக் கேபிள் துளையில் பொருந்தினாலும் பின் வரிசை மாறியிருக்கலாம், சொருகினால் டிஸ்க்கோ கார்டோ எரிந்துவிடலாம். வீட்டில் முதல் வேலையாக டிஸ்க்கை முழுக்க அழித்து விண்டோஸைப் போடுங்கள். அதுவரை உங்கள் மெயிலையோ கேம் கணக்கையோ அதில் திறக்காதீர்கள்.